பழைய இயந்திரமும் புதிய லைப்ரரியும்

இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலேயுள்ள தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் ஜீவராணி தற்காலிக உதவியாளராகக் கால்வைத்த நாள் முதல் சிவபாதத்துக்கு அவளைக் கண்டாலே ஆகாது. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கணினி அதிகாரி. அவளோ கொழுந்து வாட்டும் மாடியில் வேலைசெய்யும் இராமையாவின் மகள். எந்தத் தட்டுக் கொழுந்து எத்தனை மணிநேரம் வாடியது என்று குறிக்கும் மென்பொருளை ஹட்டன் பயிற்சி நிலையத்தில் எழுதி, 2004 ஜூலையில் ஒருநாள் சிடியில் கொண்டுவந்தாள். அன்று மாலை நான்கு மணிக்குத் தோட்டத்து மேலாளரான பெரியதுரை பார்க்க வருவார். ஓடினால் நிரந்தர வேலை. ஓடாவிட்டால் மறுநாளே கொழுந்து பறிக்கும் கூடை.

ஓடவில்லை. இரண்டு இடத்துக் கணினியிலும் லினக்ஸ் இயங்குதளம்தான். ஆனால் ஹட்டனில் இருந்தது புதிய வெளியீடு. இங்கே நான்கு வருடப் பழசு. அவளுடைய மென்பொருள், எல்லா மென்பொருள்களும் சார்ந்திருக்கும் அடிப்படை நிரல்தொகுப்பான லைப்ரரியின் புதிய பதிப்பைத் தேடி, காணாமல் நின்றுவிட்டது.

“ஹட்டனிலை ஓடினது இஞ்சை ஏன் ஓடேல்லை? பஸ்ஸிலை வந்த களைப்போ?” என்றார் சிவபாதம்.

மூலநிரல் கையில் இருக்கிறது, இந்த இயந்திரத்திலேயே மறுபடி தொகுத்தால் பழைய லைப்ரரியோடு பொருந்திவிடும் என்று அவள் ஒரு மணிநேரம் கேட்டாள். அவர் மறுத்தார். அவள் பையிலிருந்த ஹட்டன் லினக்ஸ் சிடியைத் தானே எடுத்து, அதிலுள்ள புதிய லைப்ரரியைப் பழையதன்மேல் போடப்போவதாகச் சொன்னார்.

“வேணாங்க சார். பாதி வாடுன கொழுந்துல பச்சைக் கொழுந்தக் கொட்டினா தட்டு முழுக்கக் கெட்டுப்போகும். இங்க இருக்கிறதெல்லாம் அந்தப் பழசோட பழகினதுங்க.”

“கொழுந்துப் பாடம் எனக்கு வேண்டாம்.”

கணினியின் நிர்வாகிக் கடவுச்சொல்லை அவள் பார்த்துவிடக் கூடாதென்று இடக்கையால் மறைத்துக்கொண்டே தட்டினார். லைப்ரரி மாறியது. அடுத்த கணமே கோப்புகளைக் காட்டும் கட்டளைகூட வேலைசெய்யவில்லை. இயந்திரம் பிணமாகக் கிடந்தது.

நான்கு மணிக்கு வந்த பெரியதுரையிடம், தொழிலாளர் லயத்துப் பெட்டை எல்லாவற்றையும் அழித்துவிட்டாள் என்றார் சிவபாதம்.

ஜீவராணி குரலை உயர்த்தவில்லை. “கடவுச்சொல்லு இல்லாம அத மாத்த முடியாதுங்க. அத சார் எனக்கு இன்னிக்கு வரைக்கும் குடுத்ததில்லீங்களே.”

துரை சிவபாதத்தைப் பார்த்தார். அவர் சுவரைப் பார்த்தார்.

அலமாரியில் கிடந்த, அந்த இயந்திரத்துக்கே உரிய பழைய லினக்ஸ் சிடியால் இயந்திரத்தை எழுப்பி, பழைய லைப்ரரியை அவள் திரும்ப வைத்தாள். பிறகு மூலநிரலை அங்கேயே தொகுத்தாள். ஐந்தரை மணிக்கு முதல் தட்டின் விவரம் திரையில் வந்தது. வேலை நிரந்தரமென்று துரை சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அவளுடைய நாற்காலி வாசலுக்கு வெளியே மழையில் நனைந்துகொண்டிருந்தது. யார் போட்டதென்று அவள் கேட்கவில்லை. தூக்கிவந்து சிவபாதத்தின் மேசைக்கு நேரெதிரே போட்டு, ஈரத்தோடே உட்கார்ந்தாள்.