வரைவாளர் திருத்திய வீடு

மனித நாகரிகம் நிற்பதே நேர்கோட்டின் மேல்தான் என்று வரைவாளர் முப்பத்தொரு வருடமாகக் கட்டட அனுமதி அலுவலகத்தில் முழங்கி வருகிறார். அவரே பிளான் போட்டுக் கட்டிய சொந்த வீட்டில் குளியலறைக் கதவை மட்டும் இன்றுவரை முழுதாகச் சாத்த முடிந்ததில்லை.

பக்கவாதத்தில் அவர் மனைவிக்கு வலது கை விழுந்துவிட்டது. பேச்சு திரும்பிவிட்டது, சிரிப்புதான் திரும்பவில்லை. பயிற்சி கொடுக்க வரும் பெண் ஒரு நோட்டையும் பென்சிலையும் நீட்டி, "இடது கையால தோணினத கிறுக்குங்கம்மா. நல்லா வரணும்னு யார் அழுதா?" என்றாள். மூன்று வாரத்தில் பாதி நோட்டு நிறைந்தது. ஆறு கால் நாய், மேகத்துக்கு மேலே ஒரு கிணறு, ஒருபக்கம் சாய்ந்து கொட்டாவி விடும் வீடு. வரையும்போது அவள் வாய்க்கோடியில் ஏதோ எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

அந்த வீடுதான் வரைவாளரின் கண்ணை உறுத்தியது. அவள் தூங்கிய ஒரு மதியம், டி-ஸ்கொயர் ஸ்கேலும் மைப்பேனாவுமாக உட்கார்ந்துவிட்டார். சுவரை நிமிர்த்தினார். ஜன்னல்களை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார். மழைநீர் போக வடிகாலும் வைத்தார். அத்தனையும் அன்பினால் என்றே நம்பினார்.

எழுந்து பார்த்தவள் நோட்டை மூடினாள்.

"எப்படி இருக்கு?"

"பிளான் பாஸாயிடும்ங்க."

அதற்குப் பிறகு பத்து நாள் அவள் பென்சிலைத் தொடவில்லை. நல்ல கையும் மடியிலேயே கிடந்தது.

பயிற்சிப் பெண் நோட்டைப் புரட்டினாள். "இப்படியே விட்டா இந்தக் கையும் சோம்பிடும் சார். கெடுத்தவங்களே உக்காந்து வரைங்க. ஸ்கேல் இல்லாம."

உட்கார்ந்தார். ஸ்கேல் இல்லாத கை, அழைக்காத வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல் தாளின் ஓரத்திலேயே நின்றது. நெற்றி வேர்த்தது.

"கண்ண மூடிக்கிட்டுப் போடுங்க," என்றாள் மனைவி. "சரிபார்த்துக் கையெழுத்துப் போட எந்த ஆபீசரும் வரப்போறதில்ல."

மூடினார். கோடு போன போக்கில் விட்டார். திறந்தபோது எதிர் நாற்காலி குலுங்கிக்கொண்டிருந்தது. நாலு மாதத்துக்குப் பிறகு, கண்ணில் நீர் வர அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன யானைங்க இது! வாலு எங்க?" இடது கை பென்சிலைப் பிடுங்கி, தாள் விளிம்புவரை நீளமாக ஒரு வால் போட்டது.

"மறந்துட்டேன்," என்றார் வரைவாளர்.

அவர் வரைந்தது அவளைத்தான்.