சித்தப்பா நடந்துகொண்டிருக்கிறார்

தனியாக இருக்கும் வயதானவர்களின் வீட்டுத் தரையிலும் கதவிலும் சென்சார் ஒட்டி, அவர்கள் நடமாடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் எங்கள் கம்பெனியின் தொழில். நடமாட்டம் நின்றால் அலாரம் அடிக்கும், ஆள் போகும். இத்தனையையும் ஒரே ஒரு பெரிய சர்வர் சுமக்கிறது. அதற்குள் வட்டாரத்துக்கு ஒன்றாக மெய்நிகர் கணினிகள். நிஜத்தில் இல்லாத கணினிகள்தான், ஆனால் ஒவ்வொன்றும் தன்னைத் தனி இயந்திரம் என்று நினைத்துக்கொண்டிருக்கும். அந்த நினைப்பு கெடாமல் பார்த்துக்கொள்ள எனக்குச் சம்பளம்.

என் சித்தப்பா வீட்டிலும் ஒட்டியிருக்கிறேன். அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். "என் வீட்லயே என்னை வேவு பாக்குறியா?" என்று கத்தியவர், அன்றிலிருந்து என் போனை எடுப்பதில்லை. எனக்கும் வீம்புக்குக் குறைச்சல் இல்லை. பேசாவிட்டால் போகட்டும், நடந்தால் போதும் என்று அவர் வீட்டு வரைபடத்தைத் திரையின் மூலையில் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்ப்பேன். கட்டிலிலிருந்து ஒரு பச்சைப் புள்ளி எழும். சமையலறைக்குப் போகும், ஜன்னலருகே கொஞ்சம் நிற்கும், வாசல்வரை போய்த் திரும்பும். சனி ஞாயிறு போனில் எட்டிப் பார்த்தபோதெல்லாம் நடந்துகொண்டுதான் இருந்தார். மனுஷர் நல்ல சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை சர்வருக்கு மூச்சு வாங்கியது. உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று பார்த்தேன். பெரிய சர்வரைப் பொறுத்தவரை ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் எண் போட்ட ஒரு ப்ராசஸ், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலை, அவ்வளவுதான். ஒரு வட்டாரத்துக்கு மட்டும் இரண்டு இருந்தன. பழையது டிஸ்கின் பதிலுக்காகக் காத்து உறைந்து கிடந்தது. கொல்லச் சொன்னேன், சாகவில்லை. அந்த நிலையில் இருப்பதற்கு யார் சொல்வதும் காதில் விழாது. புதியதோ நான் தொடாமலே செத்தது. கண் சிமிட்டுவதற்குள் வேறு எண்ணோடு எழுந்தது. கொஞ்ச நேரம் ஓடிவிட்டு மறுபடி செத்தது.

முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இது யார் கைவேலை என்று தெரியும். பக்கத்து நாற்காலிக்காரனுக்கு நாங்கள் வைத்த பெயர் ரீஸ்டார்ட். எதற்கும் காரணம் தேடமாட்டான், அணைத்துப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பான்.

"டேய், இந்த வட்டாரத்துல என்ன பண்ணி வச்சிருக்க?"

"வெள்ளிக்கிழமை ஹேங் ஆயிடுச்சுக்கா. அதான், பதில் வரலைன்னா சேவ் பண்ணின நிலையிலேருந்து தானா எழுப்புற மாதிரி வச்சுட்டேன். அதுக்கப்புறம் ஒரு அலாரம்கூட இல்ல, பாத்தீங்களா?" பெருமை தாங்கவில்லை அவனுக்கு.

அவன் சொல்லி முடிக்கும்போது ப்ராசஸ் செத்துப் புது எண்ணோடு எழுந்தது. அதே நேரத்தில் திரையின் மூலையில் பச்சைப் புள்ளி கட்டிலிலிருந்து எழுந்தது. சித்தப்பா வீடும் அந்த வட்டாரம்தான்.

சமையலறை. ஜன்னல். வாசல். திரும்பியது. ப்ராசஸ் செத்தது, எழுந்தது. புள்ளியும் எழுந்தது. ஜன்னலருகே அதே அளவு நின்றது. வாசலுக்குப் போகும் வழியில் அதே இடத்தில் தடுமாறியது.

சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அவர் எடுக்காதது புதிதா என்ன என்று மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. அவர் வீட்டுக்கு எதிரே கடை வைத்திருக்கும் தையற்காரரைக் கூப்பிட்டேன்.

"ரெண்டு நாளா கண்ணுலயே படலையேம்மா. இரு, போய்ப் பாக்குறேன்." செருப்புச் சத்தம். கதவு தட்டும் சத்தம். "உள்ள தாழ் போட்டிருக்கு. எத்தனை தட்டியும் சத்தமே இல்ல."

திரையில் புள்ளி வாசலுக்கு வந்து நின்றது.

"கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கிறாரான்னு பாருங்கண்ணே."

"ஜன்னல் வழியா கூடம் முழுக்கத் தெரியுது. யாருமில்லம்மா."

புள்ளி திரும்பிக் கட்டிலை நோக்கி நடந்தது.

"உடைங்கண்ணே!" என்று கத்தினேன். கனமான கதவு, கடப்பாரையும் ஆளும் கொண்டுவருகிறேன், போனை வைக்காதே என்று ஓடினார். ரீஸ்டார்ட் தானாகவே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சேமித்த நிலையில் வெள்ளிக்கிழமை நடை ஒன்று சிக்கிக்கொண்டிருக்கிறது. எழும்போதெல்லாம் அந்தக் கணினி அதையே இப்போது நடந்ததாக அனுப்பியிருக்கிறது. புதிய செய்திகளை வாங்கப் போகும்போது, பழைய ப்ராசஸ் விடாமல் பிடித்திருக்கும் டிஸ்கில் முட்டிச் செத்திருக்கிறது. வீட்டிலிருந்து வந்த நிஜச் செய்திகள் வெளியே வரிசையில் கிடக்கின்றன. இந்த இரண்டு நாளும் நான் பார்த்து நிம்மதியாகத் தூங்கியது வெள்ளிக்கிழமைச் சித்தப்பாவை.

தானாக எழுப்புவதை நிறுத்தினேன். டிஸ்க் இணைப்பைத் துண்டித்து மாட்டினேன். பழையது ஒருவழியாக ஒழிந்தது. இனி சேமித்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுப்ப வேண்டியதுதான். கை வரவில்லை. என்டரைத் தட்டினால் சித்தப்பா நடப்பது நின்றுவிடும். பொய்யென்று தெரிந்தும் அந்தப் புள்ளியை விட எனக்கு மனமில்லை. அழுதுகொண்டேதான் தட்டினேன்.

புள்ளி மறைந்தது. பிறகு செய்திகள் மளமளவென்று வந்து விழுந்தன. சனிக்கிழமை சமையலறை. கூடம். குளியலறை. அதற்கு மேல் தரை எதுவும் சொல்லவில்லை.

அடுத்த வரி அவசரப் பொத்தான். கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லி நான் கொடுத்தபோது மூலையில் வீசியெறிந்த பொத்தான். எனக்குத் தெரியாமல் எடுத்துப் போட்டிருக்கிறார். அதற்கடுத்த வரியும் அதுவே. அதற்கடுத்ததும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அழுத்தியிருக்கிறார். போகப்போக இடைவெளி கூடியிருந்தது. நான் படித்துக்கொண்டிருக்கும்போதே அடியில் இன்னொன்று வந்து விழுந்தது, இந்த நிமிஷத்து நேரத்தோடு.

போனில் கடப்பாரைச் சத்தம் கேட்டது.

"குளியலறைண்ணே!" என்று அலறினேன். "உயிரோடதான் இருக்காரு! என்னைத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு!"