துக்கம் கேட்க வந்தவள்

“ஒரே ஒரு கையெழுத்துதான் அண்ணி. வக்கீல் வாசல்லயே நிக்கிறார்.”

“இப்பவா தம்பி?”

“இப்ப விட்டா எப்ப? நாலு மணிக்கு எடுத்துருவோம். அதுக்கப்புறம் பதினாறு நாளைக்கு நீங்க வாசப்படி தாண்ட முடியாது. திங்கக்கெழமை கோர்ட்டு.”

“ராஜ்குமார் வரட்டும். புள்ளகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குறேன்.”

“அவன் சிங்கப்பூர்லேர்ந்து வந்து எறங்கி, மொட்டை போட்டு, கொள்ளிச்சட்டி தூக்கவே நேரம் சரியா இருக்கும். இந்தக் கேஸ் பத்தி அவனுக்கு என்ன தெரியும்? அண்ணன் என்கிட்டதான் எல்லாம் சொல்லிவச்சிருந்துச்சு.”

பிரகதாம்பாள் கையிலிருந்த காபியைப் பார்த்தாள். மேலே ஆடை படிந்துவிட்டிருந்தது. மூட்டைகள் அடுக்கிய பின்னறையில் ஒரு நெல் மூட்டையின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். எதிரே அவளுடைய கொழுந்தன் செந்தில்குமார் குத்துக்காலிட்டிருந்தான். அவன் மடியில் ஆறு பக்கங்கள், ஓரத்தில் பின் அடித்து. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னச் சின்னப் பெருக்கல் குறிகள்.

கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அவளுடைய கணவர் சாமிதுரை கிடந்தார். நேற்று மாலை கொள்முதல் நிலையத்தில் குறுவை நெல்லோடு முறைக்காகக் காத்திருந்தவர், தன் மூட்டை மீதே சாய்ந்துவிட்டார். களைப்பில் தூங்குகிறார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் எழுப்பாமல் விட்டிருக்கிறார்கள். அதை யாரோ சொன்னபோது அவளுக்கு அழுகை வரவில்லை. அவர் தூங்கினால் எப்படியிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். வாய் லேசாகத் திறந்திருக்கும். ஒரு கை நெஞ்சின் மேல் இருக்கும்.

“இன்னொண்ணு அண்ணி.” செந்தில்குமார் குரலைத் தாழ்த்தினான். “அது வருதாம்.”

“எது?”

“ஆறாவது வார்டு.” அவன் ஒருபோதும் பெயரைச் சொல்லமாட்டான். “வரட்டும், வேணாங்கல. மாலையைப் போட்டுட்டுப் போகட்டும். ஆனா பொம்பளைங்க வந்தாக் கட்டிக்கிட்டு அழுவீங்கள்ல, அந்த மாதிரி அதைக் கட்டிக்கிட்டு அழுதுறாதீங்க. வாசல்ல அம்பது போன் இருக்கு. ஒருத்தன் எடுத்துப் போட்டாலும் போச்சு. பொம்பளை இல்லன்னு கேஸ் போட்டவங்களே கட்டிக்கிட்டு அழுவுறாங்க பாருங்கன்னு அவங்க வக்கீல் ஜட்ஜுகிட்ட நீட்டுவான். உக்காந்த எடத்துலேர்ந்தே ஒரு கும்பிடு. அது போதும்.”

“சரி” என்றாள். அப்படிச் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம்.

“அப்ப இந்தக் கையெழுத்து?”

“கை நடுங்குது. கொஞ்ச நேரம் போகட்டும்.”

கை நடுங்கவில்லை. அவன் அதைப் பார்த்துவிட்டான். காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனான்.

மூன்று வருடங்களுக்கு முன்பு பேரூராட்சியின் ஆறாவது வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். சாமிதுரை இருபது வருடம் கட்சியில் இருந்தவர். அந்த வார்டுக்காகக் காத்திருந்தவர். ஒருநாள் முழுக்க யாரோடும் பேசாமல் வயலில் நின்றுவிட்டு, மறுநாள் காலையில் இட்லி சாப்பிடும்போது, “பிரகதா, உன் ரேஷன் கார்டு, ஓட்டர் ஐடி எல்லாம் எடுத்து வை” என்றார். அப்படித்தான் அவள் வேட்பாளர் ஆனாள். ஜீப்பில் அவள் கும்பிட்டபடி நின்றாள். அவர் பக்கத்தில் நின்று மைக்கில் பேசினார். “உங்கள் வீட்டுப் பெண் பிரகதாம்பாள் சாமிதுரை” என்று அவர் சொல்லும்போது, அது வேறு யாரோ என்று அவளுக்குத் தோன்றும்.

எதிரில் நின்றவள் குந்தவை. பிறந்தபோது வீட்டில் வைத்த பெயர் வேறு. அதைத் தெருவில் எல்லோரும் மறந்துவிடவில்லை, சிலர் வேண்டுமென்றே நினைவில் வைத்திருந்தார்கள். ராசராசனின் அக்கா பெயரைத் தானே எடுத்து வைத்துக்கொண்டவள். ஜீப் இல்லாமல், நாலைந்து பேரோடு வீடு வீடாக நடந்து வந்தாள். “நான் திருநங்கை. உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி நீங்களும் இருக்க வேணாம், நானும் இருக்கல. ஆறு மாசமா இந்தத் தெருவுல சாக்கடை நிக்குது, அதைப் பத்திப் பேசுவோமா?” என்பாள். முதலில் அவளை வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள். பிறகு சாக்கடையைப் பற்றிப் பேசினார்கள்.

ஓட்டு எண்ணிய பள்ளிக்கூடத்தில் நடந்த ஒன்றைப் பிரகதாம்பாள் யாரிடமும் சொன்னதில்லை. கழிப்பறையிலிருந்து வந்தபோது, பெண்கள் என்று எழுதிய கதவுக்கு வெளியே குந்தவை சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

“அக்கா, உள்ள யாராச்சும் இருக்காங்களா?”

“இல்லையே. ஏன் நிக்கிற?”

“காலையிலேர்ந்து அடக்கிக்கிட்டு நிக்கிறேன். இந்தப் பக்கம் போனா ஒருத்தர் கத்துவாங்க, அந்தப் பக்கம் போனா இன்னொருத்தர் சிரிப்பாங்க. எண்ணி முடிக்கிற அன்னைக்கு எதுக்கு வம்புன்னு பாக்குறேன். ஆனா முடியல அக்கா.”

“போ. நான் நிக்கிறேன்.”

அவள் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். ஒரு பெண் போலீஸ் வந்தார். “உள்ள யாரு?” என்று கேட்டார். “ஒரு பொம்பளை இருக்காங்க, கொஞ்சம் பொறுங்க” என்றாள் பிரகதாம்பாள். அந்தத் தேர்தல் முழுவதிலும் அவளாகப் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். அரை மணி நேரத்தில் பத்தொன்பது ஓட்டில் தோற்றுப்போனாள்.

பெண்கள் வார்டில் நின்றவர் பெண் அல்ல என்று சாமிதுரை அவள் பெயரில் வழக்குப் போட்டார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். அவள் தயங்கியபோது, “உன் மேலயா பழி வரப்போகுது? அரசியல்ல ஜெயிக்கிறதுக்கு இது ஒரு வழி, அவ்வளவுதான்” என்றார். அவர் கெட்டவர் இல்லை. கடைத்தெருவுக்குப் போனால் மறக்காமல் ஒரு முழம் பூ வாங்கி வருபவர். போன மழையில் தெருவில் தண்ணீர் நிற்காமல் வடிந்தபோது ஜன்னலருகே நின்று, “அந்தப் புள்ள வேலை செய்யுது, இல்லேங்க முடியாது” என்று தன்னை மறந்து சொன்னவரும் அவர்தான். வழக்கை மட்டும் விடவில்லை. வாய்தா மேல் வாய்தாவாக மூன்று வருடம் ஓடிவிட்டது. திங்கட்கிழமை அவளே பிரமாணம் செய்து சொல்ல வேண்டும், குந்தவை பெண் இல்லை என்று. நேரில் போக முடியாது என்பதால்தான் அந்த ஆறு பக்கப் பிரமாண வாக்குமூலம்.

கூடத்துக்கு அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். தலை நிறையப் பூ வைத்திருந்தார்கள், நெற்றியில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம். பூவின் கனத்தில் கழுத்து வலித்தது. பாயில் பெண்கள், வெளியே பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள். வருகிற ஆண்கள் மாலையைப் போட்டுவிட்டு, வரிசையாக நிற்கும் பங்காளிகளின் கைகளைத் தொட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். வருகிற பெண்கள் வாசலிலேயே குரலெடுத்து, நேரே வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். காலையிலிருந்து முப்பது நாற்பது பேர் அவளைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொருவர் தோளிலும் அவள் முகத்தை வைத்தாள். கண் காய்ந்தே இருந்தது. நாத்தனார் அகிலாண்டம்தான் எல்லோருக்குமாகச் சேர்த்து அழுதாள்.

“அழுதுடு பிரகதா, அழுதுடு. இப்படி மரமா உக்காந்திருந்தா ஒனக்கு ஏதாவது வந்துரும்.”

“வரல அண்ணி.”

மூன்று மணி வாக்கில் வாசலில் பேச்சு சட்டென்று அடங்கியது. பாயிலிருந்த பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். தெருவின் ஒரு பாதியில் நெல் காயப் போட்டிருந்ததால், மறுபாதியில் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகத்தான் வர வேண்டியிருந்தது. குந்தவை தனியாக வந்தாள். வெளிர்நிறப் பருத்திச் சேலை, கையில் ரோஜா மாலை.

“மாலை பெருசுதான்” என்றாள் ஒருத்தி.

“கவுன்சிலர்னா சும்மாவா?”

“அது சரி, எந்தப் பக்கம் உக்காரும்?”

“ஒனக்குப் பக்கத்துலதான். தள்ளி உக்காரு.”

யாரோ அடக்கிச் சிரித்தார்கள். அகிலாண்டம் ஒப்பாரியை நிறுத்தாமலே திரும்பி முறைத்தாள்.

குந்தவை மாலையைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுக் கண்ணாடி வழியாக அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பங்காளிகள் வரிசைக்குப் போய் முதலில் நின்ற செந்தில்குமாரிடம் இரண்டு கைகளையும் நீட்டினாள். அவன் கை பாதி எழுந்தது. அவளை ஆண் என்று வாதாடுகிறவன் ஆணுக்குக் கொடுப்பதுபோல் கை கொடுத்திருக்கலாம். ஆனால் தொட மனம் வரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான். அடுத்தடுத்து நின்றவர்களும் அப்படியே ஆட்டினார்கள். குந்தவை நீட்டிய கைகளை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

பந்தலுக்கும் பாய்க்கும் நடுவில் அவள் நின்றாள். நாலைந்து போன்கள் உயர்ந்தன.

பிறகு பாயை நோக்கி வந்தாள். பிரகதாம்பாளுக்கு இரண்டடி முன்னால் நின்று, குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

“கும்பிட்டா போதும் அக்கா. போன்ல எடுக்குறாங்க. எனக்கும் தெரியும்.”

“ஏன் வந்த?”

“வரணும்னு தோணி வந்தது பாதி. வராம இருந்தா அதையும் பேசுவாங்கன்னு வந்தது பாதி.” அவள் பெட்டிப் பக்கம் பார்த்தாள். “கூட்டத்துக்குக் கூட்டம் என்னைத் திட்டுவாரு அண்ணன். ஆனா பேர் சொல்லித்தான் திட்டுவாரு, குந்தவைன்னு. இவங்க யாரும் அது கூடச் சொல்ல மாட்டாங்க.”

பிரகதாம்பாள் கும்பிடத்தான் கைகளைத் தூக்கினாள். பந்தலின் ஓரத்தில் செந்தில்குமார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பின்னால் கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டபடி வக்கீல். இரண்டு உள்ளங்கைகளும் சேர இன்னும் ஒரு சாண் இருந்தது. அங்கேயே அவை நின்றன, பிறகு திறந்துகொண்டன. எண்ணித்தான் செய்தாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

குந்தவை உடனே வரவில்லை. கைகளைப் பார்த்தாள். போன்களைப் பார்த்தாள். மறுபடி கைகளைப் பார்த்தாள். அப்புறம் முழங்கால் மடங்கி உட்கார்ந்தாள்.

அகலமான தோள். சந்தன சோப்பும் வெயிலில் நடந்து வந்த வியர்வையும் கலந்து மணத்தன. பிரகதாம்பாள் முகத்தை அதில் வைத்ததும், எங்கோ தூரத்து வயலில் மடை திறந்ததுபோல் அவளுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. முதலில் அது தன்னுடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. “தூங்குறாருன்னு எழுப்பாம விட்டுட்டாங்களே” என்று கத்தினாள். “எழுப்பாம விட்டுட்டாங்களேடி.”

“ஆமாக்கா. ஆமா.” குந்தவையும் அழுதாள். உடைந்து, தடித்து, ஆண்களின் நாற்காலிகள் வரை கேட்கும் குரல்.

“எங்கூடப் பொறந்தவனே, காயப்போட்ட நெல்லை யாரு அள்ளுவா?” என்று அகிலாண்டம் குரலை உயர்த்தி, இடக்கையை நீட்டி, எதிரில் இருக்கும் தோளை வளைத்துக்கொண்டாள். முப்பது வருடமாகத் துக்க வீடுகளில் தோள்களை வளைத்துவந்த கை அது, யாருடைய தோள் என்று பார்க்கவில்லை. பார்த்தபோது குரல் ஒரு நொடி நின்றது. கையை எடுக்கலாமா என்று யோசித்தவள்போல் இருந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பக்கத்திலிருந்தவளிடம், “தள்ளி எடம் விடேன்டி, கால் மேல உக்காந்திருக்க” என்று அதட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். வட்டம் கொஞ்சம் அகன்றது.

அழுகை ஓய்ந்து மூச்சு சீரானபோது செந்தில்குமார் பாயின் விளிம்பில் நின்றிருந்தான். அவன் முகம் சிவந்திருந்தது. காகிதங்களைச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தான்.

“அண்ணி, ஒரு நிமிஷம் உள்ள வாங்க.”

“எழுந்திரிக்க முடியல தம்பி. இங்கயே குடுங்க.”

“இங்க வேணாம். உள்ள வந்து…”

“இங்கயே.”

அவள் அப்படிப் பேசி அவன் கேட்டதில்லை. வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். வக்கீல் பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். செந்தில்குமார் குனிந்து காகிதத்தை நீட்டினான். “பென்சில் மார்க் இருக்குற எடத்துல மட்டும். படிக்கவெல்லாம் வேணாம்.”

குந்தவைக்கு அது என்னவென்று புரிந்துவிட்டது. “நான் கெளம்புறேன் அக்கா” என்று எழப் பார்த்தாள். அவள் தோளில் கிடந்த பிரகதாம்பாளின் கை எழவில்லை.

“கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியல” என்றாள் பிரகதாம்பாள், அவனைப் பார்த்து. “நீங்களே படிச்சுச் சொல்லுங்க.”

“அண்ணி, இது கோர்ட்டுத் தமிழ்…”

“மொத பக்கத்துலேர்ந்து படிங்க. நான் சொன்னதாத்தானே எழுதியிருக்கு. என்ன சொல்லியிருக்கேன்னு எனக்குத் தெரிய வேணாமா?”

வெளியே தப்படிப்பவர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்ததால் மேளம் நின்றிருந்தது. அகிலாண்டமும் நிறுத்தியிருந்தாள். ஐஸ் பெட்டியின் மோட்டார் மட்டும் ஓடியது. செந்தில்குமார் முதல் பக்கத்தைப் பிரித்துப் பிடித்திருந்தான், கண் எழுத்தின் மேல் இருந்தது.

“சத்தமாப் படிங்க தம்பி. இவளுக்கும் கேக்கட்டும்.”