மூடிக்குக் கீழே ஒரு கருப்புப் புள்ளி

செத்துப்போன சென்சார்கள் எல்லாமே நாத்தனார் கைபட்டவை.

சோதனைப் பிரிவில் இருந்தவள் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள். எதிரே மானேஜர் நின்றிருந்தார். ஊழியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் கழுகு. மூக்குக்காக வைத்தது, பிறகு குணத்துக்கும் பொருந்திப்போனது.

காலை ஷிஃப்டில் மூடி ஒட்டியவை பிழைக்கின்றன, பிற்பகல் ஷிஃப்டில் ஒட்டியவை சாகின்றன, பிற்பகலில் மெஷினில் இருப்பது யார் என்று அவர் கேட்டார். பதில் தெரிந்துகொண்டே கேட்கிற ரகம் அவர்.

"என் நாத்தனார் சார்."

"நீங்கதானே சிபாரிசு பண்ணீங்க? சாயங்காலம் வாடிக்கையாளர் போன்ல வருவார். எனக்கு ஒரு காரணம் வேணும். இல்லேன்னா ஒரு ஆள் வேணும்."

ஆள் என்றால் வேலை போகும் ஆள். போட்டிக் கம்பெனி விலைக்கு வாங்கிய ஆள் என்று அவர் ஏற்கெனவே முடிவுகட்டியிருந்தார்.

அது பிறந்த குழந்தைகளின் மூச்சை அளக்கும் சென்சார். அரிசிமணி அளவு. சிலிக்கான் மூடிக்குள் ஒரு குட்டி அறை. அதிலிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, மூடியிலுள்ள துளையை லேசர் ஒரு சொடுக்கில் உருக்கி ஒட்டி அடைத்துவிடும். அடைத்த இடத்துக்கு நேர் கீழேயே உயிர்நாடியான சர்க்யூட். தலைக்கு மேல் வெல்டிங் நடக்கும்போது கீழே ஒருவன் தூங்குவதைப் போன்ற ஏற்பாடு. தூங்குகிறவன் மேல் பொறி விழக்கூடாது. இப்போது விழுகிறது. ஒவ்வொரு சர்க்யூட்டிலும் ஒரு கருப்புப் புள்ளி.

கழுகு போன பிறகும் அவள் நகரவில்லை. சந்தேகம் ஒரு தடவை உள்ளே நுழைந்துவிட்டால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும். நாத்தனார் கொஞ்ச நாளாகவே சரியில்லை. மொட்டைமாடியில் போன் பேசுவாள். அண்ணியான இவள் தலை தெரிந்தால் பேச்சு நின்றுவிடும். "சேர்றதைப் பத்தி நான் அப்புறம் சொல்றேன்" என்று கடைசியாகக் காதில் விழுந்தது. ஷிஃப்ட் தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பே மெஷின் அறைக்குப் போய்விடுகிறாள். அவ்வளவு பொறுப்பு அவளுக்கு எப்போது வந்தது? வீட்டில் எழுப்பினால் போர்வையோடு சண்டை போடுகிறவள்.

சாப்பாட்டு இடைவேளை முடியும் முன்பே அண்ணி எழுந்து போனாள்.

மெஷின் அறையில் தூசு ஆகாது. உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடை, முகமூடி. அந்த வேஷத்தில் மாமியாருக்கு மருமகளை அடையாளம் தெரியாது என்பதாலேயே சிலருக்கு அந்த அறை மிகவும் பிடிக்கும். அறைக்கு வெளியே, கண்ணாடிச் சுவரின் ஓரம் அவள் ஒதுங்கி நின்றாள்.

உள்ளே நாத்தனார் தனியாக இருந்தாள். கதவைப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். மெஷினுக்குப் பின்னால் போய்க் கையை நுழைத்து ஒரு குமிழைத் திருப்பினாள். முன்பக்கம் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு அணைந்தது. ஒன்றும் நடக்காதது போல வந்து உட்கார்ந்து, தட்டில் சென்சார்களை அடுக்கத் தொடங்கினாள்.

அண்ணி அதற்கு மேல் வெளியில் நிற்கவில்லை. உடையை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

"பின்னாடி என்ன பண்ணே?"

நாத்தனார் கையிலிருந்த இடுக்கி நழுவியது. "ஒண்ணுமில்ல அண்ணி."

"விளக்கு அணைஞ்சுது. நான் பார்த்தேன். யார் பண்ணச் சொன்னாங்க? மாடியில பேசறியே, அவங்களா?"

நாத்தனார் ஏறிட்டுப் பார்த்தாள். "நீங்கதான்."

"நானா?"

"சூடு பட்டே சர்க்யூட் சாகுது, யாருக்கும் அக்கறை இல்லன்னு வீட்ல புலம்பினீங்க. இந்தத் தட்டு எப்பவும் கொதிச்சிட்டே இருக்கு. ஏன்னு காலை ஷிஃப்ட் ஆள்கிட்ட கேட்டா, மெஷினோட பழக்கம்ங்கிறார். அதான் சூட்டை அணைச்சேன். ஷிஃப்ட் முடிஞ்சு போறப்ப திரும்பப் போட்டுடுவேன். தட்டு ஆறணும்னு சீக்கிரமே வர்றேன். கொஞ்ச நேரம் கழிச்சுத் தொட்டுப் பாருங்க, ஜில்லுனு இருக்கும்."

முன்பு எப்போதோ ஒன்றிரண்டு செத்தபோது புலம்பியது உண்மைதான். சமைத்துக்கொண்டே புலம்பியது. அதை ஒருத்தி வேதவாக்காக எடுத்துக்கொள்வாள் என்று யாருக்குத் தெரியும்? அதுவும் இந்த நாத்தனார்! ஆனால் நல்ல கதையை யார் வேண்டுமானாலும் தயாராக வைத்திருக்கலாம். அண்ணி நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை.

கருப்புப் புள்ளிதான் அவளை உலுக்கியது. சூட்டால் வந்த சேதம் என்றால் அடைப்பிலிருந்து கீழ்நோக்கிப் படிப்படியாகக் கருகியிருக்க வேண்டும். இங்கே அடைப்பு பழுதில்லை, நடுவில் எதுவும் பழுதில்லை, கீழே மட்டும் பொசுங்கல். இடையில் எதையும் தொடாமல் தாண்டிப் போவது சூடு இல்லை. வெளிச்சம்.

லேசரின் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துக்குக் குளிர்ந்த சிலிக்கான் ஜன்னல் கண்ணாடி மாதிரி. பாதி உள்ளே போய்விடும். சூடேறிய சிலிக்கான்தான் அதை மேலேயே குடித்து உருகும். தட்டின் சூடு சர்க்யூட்டுக்கு வெந்நீர்க் குளியல், அவ்வளவுதான். அந்தச் சூடுதான் அதற்குக் குடை. இவள் குடையை மடக்கி வைத்துவிட்டு மழையை நிறுத்தியதாக நினைத்திருக்கிறாள்.

"பாதி சென்சாரைத் தட்டு ஆறினதும் ஒட்டு. மீதியை விளக்கைப் போட்டு, சூடேறின பிறகு ஒட்டு" என்றாள்.

மைக்ரோஸ்கோப்பை அங்கேயே கொண்டுவந்து, கழுகையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். குளிர்ந்த தட்டில் ஒட்டியவை வரிசையாகச் செத்தன. சூட்டில் ஒட்டியவை எல்லாம் பிழைத்தன. கழுகு மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

காரணம் கிடைத்துவிட்டது, ஆனால் யாருக்கும் தெரியாமல் ஏன் செய்ய வேண்டும், அந்தப் போட்டிக் கம்பெனிக்காரர்கள் இவளோடு பேசுவது தனக்குத் தெரியாதா என்று அவர் நாத்தனாரைக் கேட்டார். அவர்கள் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், தான் இன்னும் சரி சொல்லவில்லை என்று அவள் ஒளிக்காமல் சொன்னாள். கேட்டுச் செய்திருந்தால் வேண்டாம் என்றிருப்பார்கள், அதனால் கேட்கவில்லை என்றாள்.

கழுகு அண்ணி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. இவளை வைக்கட்டுமா, அனுப்பட்டுமா?"

"தட்டு ஏன் சூடா இருக்கணும்னு இங்க ஒருத்தரும் இவகிட்ட சொல்லல சார். சூடு ஆகாதுன்னு அரைகுறையா சொன்னவ நான். அனுப்பறதா இருந்தா ரெண்டு பேரையும் சேர்த்து அனுப்புங்க."

அவர் வெகுநேரம் மூக்கைத் தடவினார். கடைசியில், அந்தக் குமிழுக்கு ஒரு பூட்டு போடச் சொன்னார். வாடிக்கையாளரிடம் காரணம் கண்டுபிடித்தாயிற்று என்று சொல்லப் போனார். வேலை நிலைத்தது.

நாத்தனார் கீழே கிடந்த இடுக்கியை எடுத்துத் துடைத்தாள்.

"வெளியில எவ்ளோ நேரமா நின்னீங்க அண்ணி?"

"நீ குமிழைத் திருப்பறதுக்கு முன்னாடியிருந்தே."

"அப்ப, நான் தப்பு பண்ணுவேன்னு நினைச்சுதான் வந்திருக்கீங்க."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அது பொய்.

"ஆமா" என்றாள் அண்ணி.

நாத்தனார் தலையாட்டினாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அண்ணிக்கு. அந்தக் கம்பெனிக்கு நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும், வேண்டாம் என்று சொல்வதாகத்தான் இருந்தேன் என்றாள் நாத்தனார்.

"இப்ப?"

"இப்ப யோசிக்கணும்."

அவள் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த சென்சார்களைத் தட்டில் அடுக்கத் தொடங்கினாள்.