காணாமல் போன அறுபத்து மூன்று கட்டங்கள்

ஒரு காகிதச் சுருளை என் மூக்குக்கு நேரே பிடித்தால் போதும். அதைக் கண்காணிக்க வேண்டியவன் எத்தனை மணிக்குத் தூங்கினான், எந்தப் பக்கம் தலைவைத்துத் தூங்கினான், குறட்டை விட்டானா என்பதுவரை சொல்லிவிடுவேன். நீங்கள் நம்ப வேண்டாம். என் வீட்டிலேயே யாரும் நம்பியதில்லை. அப்பா எதைச் சொன்னாலும் எட்டால் வகுத்துக்கொள்ள வேண்டும் என்று என் மகள் பத்து வயதிலேயே விதி போட்டுவிட்டாள். மாப்பிள்ளையும் வந்த கையோடு அதைக் கற்றுக்கொண்டார். உங்கள் கல்யாணத்தில் நாலாயிரம் பேர் சாப்பிட்டார்கள் என்று ஒருமுறை அவரிடம் பீற்றிக்கொண்டேன். “ஐந்நூறு. சரியாத்தான் சொல்றீங்க மாமா” என்றார்.

முப்பத்தாறு வருடம் நீரேற்று நிலையத்தில் வேலை பார்த்தேன். நகரமே என் கையால்தான் தண்ணீர் குடித்தது என்று சொல்லிக்கொள்வேன். எட்டால் வகுத்தால் விஷயம் இதுதான்: குழாயில் தண்ணீரின் அழுத்தம் எவ்வளவு என்று ஒரு கருவி, கட்டம் போட்ட காகிதத்தில் கோடு இழுத்துக்கொண்டே போகும். பக்கத்தில் உட்கார்ந்து நான் அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும். மணி ஆக ஆக, ஓரத்தில் பேனாவால் நேரத்தை எழுத வேண்டும்.

கோடு எப்போதும் ஒரே மாதிரிதான் போகும். அதனால் கருவியை நிறுத்திவிட்டுக் கேரம் ஆடப் போவோம். திரும்பி வந்து மறுபடி ஓடவிட்டு, இருக்கிற காகிதத்துக்குள் எல்லா மணிகளையும் சரிசமமாகப் பங்கு போட்டு எழுதிவிடுவோம். இந்தக் கலையில் நான் மேதை. என் காகிதங்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாம், அவ்வளவு ஒழுங்கு. புதிதாக வந்த பொறியாளர் ஒருவர் மட்டும் மணியைப் பார்க்காமல், அடிக்கோலை எடுத்து நீளத்தை அளந்தார். மூன்று நாள் சஸ்பெண்ட் ஆனேன். வெளியே மூன்று மாதம் என்றுதான் சொல்வேன். அவமானம்கூடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால்தான் எனக்குப் பிடிக்கும்.

என் மகளுக்கு வலி எடுத்த அன்றும் நான் இந்த லட்சணத்தில்தான் இருந்தேன். காலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் வயிற்றில் பெல்ட்டைக் கட்டி, குழந்தையின் இதயத்துடிப்பைக் காகிதத்தில் வரைகிற மெஷினை ஓடவிட்டார்கள். மாப்பிள்ளை கீழே ரத்தம் ஏற்பாடு செய்ய ஓடிக்கொண்டிருந்தார். நான் பிரசவ அறைக் கதவிலிருந்து பத்தடி தள்ளி நின்று, வரப்போகும் பேரக்குழந்தை பிறக்கும்போதே உட்கார்ந்துவிடும், எங்கள் வம்சத்தில் அப்படித்தான் என்று காவலாளியிடம் அளந்துகொண்டிருந்தேன். அவர் வாயைப் பிளந்து கேட்டார். எனக்கு அது போதாதா?

மூன்றே முக்காலுக்கு நர்ஸுகள் ஓடினார்கள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஆபரேஷன் அறைக்குப் போனார்கள். பெண் குழந்தை. நிறைந்த மாதம், நல்ல எடை, தலை நிறைய முடி. அழவே இல்லை. இந்த ஒரு விஷயத்தைப் பெருக்கவும் எனக்குத் தெரியவில்லை, வகுக்கவும் தெரியவில்லை.

மயக்கம் தெளிந்ததும் மகள் ஒன்று சொன்னாள். பாதியில் நர்ஸ் வந்து பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டாராம். அதற்குப் பிறகுதான் குழந்தை அசைவது நின்றதாம். கூப்பிட்டாளாம், யாரும் வரவில்லையாம். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றார் நர்ஸ். பெல்ட் கடைசிவரை கட்டியிருந்தது, இவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார் என்று எழுதியும் கொடுத்தார். பெரிய டாக்டரம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, வலிக்குப் போடுகிற ஊசிக்கு இப்படிக் கனவு வருவது சகஜம் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். பக்குவமாகச் சொன்னதுதான் வினையாகிவிட்டது. மகள் நம்பிவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் பகலில் படுப்பதே இல்லை. மத்தியானம் ஆனால் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். கண் சொருகினால் எழுந்து போய் முகம் கழுவுவாள். “நான் தூங்கிட்டேம்ப்பா. அது போகும்போது நான் தூங்கியிருக்கேன்” என்று ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னாள். நான் பத்தடி தள்ளி முழித்துக்கொண்டேதான் நின்றிருந்தேன். அவள் கூப்பிட்டிருந்தால் எனக்குக் கேட்டிருக்க வேண்டும். என் வாய் ஓடிக்கொண்டிருக்கும்போது என் காது விடுமுறையில் இருக்கும். ஊரறிந்த கதை.

நாலு மாதம் கழித்து, எழுதிக் கேட்டு எழுதிக் கேட்டு, மாப்பிள்ளை மொத்த ஃபைலின் நகலையும் வாங்கி வந்தார். அதில் அந்தத் துடிப்புக் காகிதமும் இருந்தது. மேஜையில் நீளமாகப் பரப்பினார். மெஷினுக்குள் இருந்த கடிகாரம் எப்போதோ செத்துப்போனதால் ஓரத்தில் நேரத்தைப் பேனாவால் எழுதியிருந்தார்கள். இரண்டு, இரண்டேகால், இரண்டரை என்று மூன்றே முக்கால்வரை. என்ன ஒழுங்கு, என்ன அழகு. எழுத்து வேறு யாருடையதோ, வேலை என்னுடையது.

மெஷின் நிமிடத்துக்கு ஒரு கட்டம் ஓடும் என்று காகிதத்தின் அடியிலேயே அச்சடித்திருந்தது. கால் மணிக்குப் பதினைந்து கட்டம் இருக்க வேண்டும். விரல் வைத்து எண்ணினேன். ஒவ்வொரு கால் மணிக்கும் ஆறு கட்டம்தான். மொத்தம் நூற்றைந்து இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்திரண்டு. இருபத்தெட்டாவது கட்டம்வரை கோடு நன்றாகப் போய், அடுத்த கட்டத்தில் மாடியிலிருந்து விழுந்த மாதிரி கீழே கிடந்தது. நடுவில் அறுபத்து மூன்று நிமிடம் காகிதமே ஓடவில்லை.

மாப்பிள்ளை மூன்று முறை எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த மனிதர் வகுக்காமல் என்னை நம்பியது அன்றைக்குத்தான். நம்பாதது மகள் ஒருத்திதான். “எனக்காக நீங்க கதை கட்டுறீங்கப்பா” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டுப் பேசச் சம்மதித்த நாளில், வரமாட்டேன் என்றவளை மாப்பிள்ளைதான் எப்படியோ கிளப்பினார். வழியெல்லாம் எனக்கும் பாடம் எடுத்தார். அறைக்குள் ஒண்ணுன்னா ஒண்ணுதான், ஒரு நிமிஷம்கூடச் சேர்க்கக் கூடாது, ஒன்று சேர்த்தாலும் எல்லாம் போச்சு என்றார். தலையாட்டினேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் என் வாய் தானாக “நூறு நிமிஷம்” என்று ஆரம்பித்தது. மாப்பிள்ளை என் காலை மிதித்தார். “அறுபத்து மூணு” என்றேன். ஆயுளில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் எதையும் சொன்னதில்லை.

அந்த நர்ஸ் சுவரோரம் நின்றிருந்தார். என் மகளைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார். ஃபைலிலிருந்து அசல் காகிதத்தை எடுத்து டாக்டரம்மாவும் எண்ணினார். காகிதம் நடுவில் சிக்கி நின்றிருக்கலாமே என்றார்.

“நானும் எங்க பொறியாளர்கிட்ட இதேதாம்மா சொன்னேன்” என்றேன். “சிக்கியிருந்தா கோடு ஒரே இடத்துல மேல மேல விழுந்து கறுப்பா அப்பியிருக்கும். இதுல பாருங்க, சுத்தமா இருக்கு. நிறுத்தித் திரும்ப ஓடவிட்டாத்தான் இப்படி வரும். எனக்கு வேற எதுவும் தெரியாது. இது மட்டும் தெரியும், ஏன்னா பல வருஷம் நானே இதைப் பண்ணியிருக்கேன்.”

பிறகு நர்ஸிடம் திரும்பினேன். திட்ட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். வழியெல்லாம் வசனம்கூடத் தயார் செய்திருந்தேன். அந்தக் காகிதத்தில் மணி எழுதிய அவர் கைகளைப் பார்த்ததும் வேறு ஒன்றுதான் வாயில் வந்தது.

“நானும் சரிசமமாத்தான் பிரிப்பேன் சிஸ்டர். பார்க்க அழகா இருக்கணும்ல. எங்க பக்கம் போனது ஒரு தெருவுக்கு ஒரு நாள் தண்ணி. அதுக்கே எனக்கு ராத்திரி சோறு இறங்காது. நீங்க எப்படி இருக்கீங்கன்னு தெரியல.”

டாக்டரம்மா எதையோ சொல்ல வாயெடுத்தார். நர்ஸ் அதற்குள் பேசிவிட்டார்.

“பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மாவுக்கு ரத்தம் போய்க்கிட்டே இருந்துச்சு. இருந்தது ஒரே மெஷின். பேப்பரை நிறுத்திட்டு, அவங்க குழந்தையோட துடிப்பை மட்டும் கேட்டுட்டு அஞ்சு நிமிஷத்துல கொண்டுவந்துடலாம்னு கழட்டினேன். டைம் எல்லாம் பின்னாடிதான் எழுதினேன்.”

மெஷின் மாட்டியே இருந்திருந்தால் குழந்தை பிழைத்திருக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது, பிழைத்திருக்காது என்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. விசாரணைக்கு எழுதுகிறேன் என்றார். அசல் காகிதத்தை ஓர் உறைக்குள் போட்டு எங்கள் கண்முன்னாலேயே ஒட்டி, அதன்மேல் கையெழுத்துப் போட்டார். மாப்பிள்ளை அதையெல்லாம் குறித்துக்கொண்டிருந்தார். என் மகள் யாரையும் பார்க்காமல் மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் அவள் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார்.

“நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. கையை எடுக்க முடியாத நிலைமை. ரெண்டு தடவை கூப்பிட்டீங்க.”

மகள் நிமிர்ந்தாள். முதலில் அந்த நர்ஸைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“மூணு தடவை” என்றாள். “நான் தூங்கலப்பா. முழிச்சுத்தான் இருந்தேன். மூணு தடவை கூப்பிட்டேன்.”