தேவநாதன் காத்த பேட்டரி

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு மாடியில் சோலார் பேனலும் கீழே பெரிய பேட்டரியும் வந்த நாளிலிருந்து, என் வீட்டுக்காரர் தேவநாதன் அந்தப் பேட்டரியை பீரோ நகை மாதிரிப் பாதுகாத்தார். பகல் வெயிலில் அது நிரம்பிவிடும். ஆனால் யாரும் தொடக்கூடாது. கரண்ட் போனால்தான் பேட்டரி என்பது அவர் கட்சி. பழைய இன்வெர்ட்டர் காலத்துப் புத்தி, லேசில் போகுமா? அந்தக் கோடையில் கரண்ட் போகவே இல்லை. சாயங்காலமானால் தெருவில் எல்லோரும் ஏசி போட, வோல்டேஜ்தான் குறையும்.

அடுத்த வீடு, கரண்ட் லைனில் கடைசி வீடு, அந்தோணிசாமி அண்ணனுடையது; வோல்டேஜ் குறைந்தால் அங்கேதான் ரொம்பக் குறையும். அவர் மகள் அமலா பிரசவத்துக்கு வந்திருந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்குப் பிறந்த குழந்தையைத் தூக்கிய அன்றே நான் தொலைந்தேன். பாதி நாள் அங்கேதான் கிடப்பேன்.

"ஞாயித்துக்கெழம அவரு வர்றாருக்கா," என்றாள் அமலா ஒரு சாயங்காலம். "ஃபேன் சுத்த மாட்டேங்குது, புள்ள தூங்காம அழுதுக்கினே இருக்குது. கண்டமங்கலத்துல அவங்க வீட்டுக்கே கூட்டிக்கினு போயிடறேன்றாரு."

குழந்தையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. மேலே ஃபேன் இறக்கைகளை எண்ணிவிடலாம். அப்போது எங்கள் வீட்டு ஏசி உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. ஃபேன் இன்னும் தளர்ந்தது. ஏசி ஓய்ந்ததும் கொஞ்சம் வேகம் பிடித்தது. மறுபடி உறுமல், மறுபடி தளர்ச்சி. எழுந்து ஓடினேன்.

"ஏங்க, ஜல்தியா வீட்ட பேட்டரிக்கு மாத்துங்க."

"கரண்டுதான் இருக்குதே கலை?"

"இருக்கறத நம்ம ஏசி இழுத்துக்குது. அந்தப் புள்ளைக்குக் காத்து இல்ல. நாம நெறஞ்ச பேட்டரிய வச்சிக்கினு பாத்துக்கினு இருக்கோம்."

"நைட்டு கரண்ட் போச்சுன்னா?"

"விசிறிக்கலாம். ஞாயித்துக்கெழம அவங்க போயிட்டா இன்னா பண்றது?"

அவர் போனை எடுத்துத் தட்டி மாற்றினார். சட்டைகூடப் போடாமல் அமலா வீட்டு வாசலில் போய் நின்று, ஃபேனையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது சுற்றியது.

அதன்பின் தினமும் சாயங்காலம் அவரே மாற்றினார். ஞாயிற்றுக்கிழமை வந்த மாப்பிள்ளை, தூங்குகிற குழந்தையைப் பார்த்தபடி காபி குடித்தார். அடுத்த மாசம் வருகிறேன் என்று தனியாகவே பஸ் ஏறினார்.

திங்கட்கிழமை பகலெல்லாம் மேகம். பேட்டரி பாதிகூட ஏறவில்லை. சாயங்காலம் வீடு திரும்பினால், இவர் ஏசியை நிறுத்திவிட்டு பனியன் நனைய உட்கார்ந்திருந்தார்.

"கரண்ட் இருக்குதே, போட்டுக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"புள்ள தூங்கற நேரம்," என்றார்.