மைக்கில் வந்த பெயர்கள்

ஒவ்வொரு அணியும் தேசிய கீதம் மாதிரி தனக்கென்று ஒரு பாட்டு கொடுக்க வேண்டும், ஆட்டத்துக்கு முன்னால் போடுவோம் என்று சாயல்குடி பெண்கள் வாலிபால் போட்டிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். வெளிநாட்டு ஆட்டங்களை டிவியில் பார்த்த கோளாறு.

எங்கள் மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் இதற்கு மூன்று நாள் சண்டை. முருகன் பாட்டு என்றார் யோகலிங்கம் மாமா. சினிமாப் பாட்டு என்றான் தம்பி விஜிதரன். கேப்டன் நான்.

"இந்தியாவின்ர கீதத்தையே போடுவம். நான் பிறந்தது இஞ்சதானே?" என்றேன்.

"பிறந்தாப்போல? குடியுரிமை தந்தவையோ?" என்றார் மாமா.

வந்த கோபத்தில் பாட்டே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆட்டத்தன்று முதலில் சாயல்குடி அணியின் பாட்டு முழங்கியது. அவர்கள் ஊரே எழுந்து நின்றது. அடுத்து மைக் பிடித்த போட்டிக்காரர் பூமிநாதன், "இவுக பாட்டு குடுக்கல. பேரை மட்டும் வாசிக்கிறேன்" என்று தொடங்கினார்.

"கஜனி, தகப்பனார் பெயர் சுதாகரன்..."

முகாமில் மாதாமாதம் ஆள் சரிபார்க்கும்போது அதிகாரிகள் இப்படித்தான் மைக்கில் கூப்பிடுவார்கள். ஆளில்லாவிட்டால் நூறு கேள்வி வரும். ஆட்டம் பார்க்க வந்த எங்கள் சனம் அத்தனையும் சட்டென்று எழுந்து வரிசையில் நின்றது. அம்மா பைக்குள் அடையாள அட்டையைத் தேடினாள்.

எதிர்ப்பக்கம் பார்த்தேன். பாட்டுக்குப் பதிலாக எங்களுக்கு இதுதான் போலிருக்கிறது என்று நினைத்து, மரியாதைக்குச் சாயல்குடிக்காரர்களும் எழுந்தார்கள்.

கடைசிப் பெயரை வாசித்து முடிக்கும்வரை இரண்டு பக்கமும் ஆடாமல் நின்றது.